சவ்வின் மடிப்பில் ஒரு நீர்ப்பை

ஒரு லிட்டர் நீர் பிடிக்கும் பை நாலு வயதுக் குழந்தையின் வயிற்றுக்குள் இருக்க முடியும். குழந்தை ஓடும், சாப்பிடும், அடம்பிடிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. வயிறு கொஞ்சம் முன்தள்ளியிருப்பதைப் பார்ப்பவர்கள் "நல்லா சாப்பிடுறான்" என்பார்கள். இல்லையென்றால் பூச்சி மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள். போன மாதம் தளர்ந்து கிடந்த அரைஞாண் கயிறு இந்த மாதம் தோலில் தடம் பதிக்கிறதே என்று குளிப்பாட்டும் பாட்டிதான் பெரும்பாலும் முதலில் கேட்பார்.

இப்படி ஓசையில்லாமல் வளரும் கட்டிகளில் ஒன்று மெசென்டரி நீர்க்கட்டி. மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளில் ஏறத்தாழ 20,000 பேரில் ஒருவரிடம் இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. பெரியவர்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இன்னும் அரிது. குழந்தைகளிடம் இது புற்றுநோயாக இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம். உள்ளே இருப்பது நிணநீர்தான். இவ்வளவு சாதுவான கட்டியைப் பார்த்தும் அறுவை மருத்துவர் ஏன் யோசனையில் ஆழ்கிறார் என்றால், அது குடியிருக்கும் இடம் அப்படி.

வயிற்றுக்குள் குடல் கயிறுபோல் சும்மா சுருண்டு கிடப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படிக் கிடந்தால் ஒரு முறை குதித்தாலே சிக்கிக்கொள்ளும். பெரியவர்களின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். அத்தனை நீளத்தையும் வயிற்றின் பின்சுவரோடு பிணைத்து வைத்திருக்கிறது ஒரு மெல்லிய இரட்டைச் சவ்வு. அதன் பெயர் மெசென்டரி. சுவரில் அது ஒட்டியிருக்கும் வேர் 15 சென்டிமீட்டர் மட்டுமே. இடப்புறம் மேலே தொடங்கி, வலப்புற இடுப்பெலும்பை நோக்கிச் சாய்வாக இறங்குகிறது. புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: இடுப்பில் செருகிய இடம் ஒரு சாண்கூட இராது, கீழே கரை விரிந்து புரளும். அந்தக் கரை ஓடும் இடத்தில்தான் குடல் இருக்கிறது. மடிப்புகளுக்குள் தமனி, சிரை, நரம்பு, நிணநாளம் எல்லாம் விசிறிபோல் பிரிந்து போகின்றன. சிறுகுடலின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ரத்தம் வருவது இந்தச் சவ்வின் வழியாகத்தான். மாற்றுப்பாதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

உடற்கூறியலே இதை நெடுங்காலம் மதிக்கவில்லை. லியொனார்டோ டாவின்சி இதை அறுபடாத ஒரே சவ்வாக வரைந்து வைத்தார். ஆனால் 1885இல் லண்டனின் ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் இது அங்கங்கே துண்டுதுண்டாக இருப்பது என்று எழுதினார். அவர் சொன்னதே நூறாண்டுக்கு மேல் பாடமாயிற்று. ('யானை மனிதர்' ஜோசப் மெரிக்குக்கு அடைக்கலம் தந்தவர், 1902இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவையே தள்ளிப்போட வைத்து அவர் வயிற்றில் கத்தி வைத்தவர், இந்த ட்ரீவ்ஸ்தான். அவர் பேச்சை எதிர்த்துப் பேச ஆள் கிடைக்காததில் வியப்பில்லை.) 2016இல் அயர்லாந்தின் லிமெரிக் நகர அறுவை மருத்துவர் கால்வின் காஃபி, மெசென்டரி தொடர்ச்சியான ஒரே அமைப்பு என்றும் அதைத் தனி உறுப்பாகவே கருத வேண்டும் என்றும் வாதிட்டார். செய்தித்தாள்கள் "புதிய உறுப்பு கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போட்டன. உறுப்பு என்ற பட்டம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு குழந்தையின் கட்டியை இந்தச் சவ்விலிருந்து உரித்தெடுக்கப் போகிறவர் அதை எப்போதோ உறுப்பாக நடத்தத் தொடங்கிவிட்டார்.

சரி, இங்கே நிணநீர் எப்படி வந்தது? 1622 ஜூலை 23 அன்று இத்தாலியின் மிலான் நகரில் காஸ்பாரே அசெல்லி என்ற உடற்கூறியலாளர் உயிருள்ள நாய் ஒன்றை அறுத்து நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அது வழக்கம். இன்று படிக்கவே கூசுகிறது. உதரவிதானம் அசைவதைக் காட்டுவதற்காகக் குடலை ஒதுக்கியபோது, மெசென்டரி முழுக்க வெள்ளை நூல்கள் ஓடுவது தெரிந்தது. நரம்பென்று நினைத்து ஒன்றைக் கீறினார். பால்போல ஒரு திரவம் பீறிட்டது. மறுநாள் இன்னொரு நாயை அறுத்தார். வெள்ளை நூல் ஒன்றைக்கூடக் காணோம். முதல் நாய் அறுபடுவதற்குச் சற்றுமுன் வயிறாரத் தின்றிருந்தது, இரண்டாவது பட்டினி கிடந்தது என்ற வித்தியாசம் அவருக்குப் பிறகுதான் உறைத்தது. குடல் உறிஞ்சும் கொழுப்பை ரத்தத்துக்கு எடுத்துச் செல்லும் நிணநாளங்கள் அவை. சாப்பிட்ட பிறகு வெளுக்கும், பசித்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. அசெல்லி கண்ட அந்த வித்தியாசம் இன்றும் அறுவை அரங்கில் பயன்படுகிறது. சிறுகுடலின் மேல்பகுதியைச் சேர்ந்த கட்டி என்றால் அதில் பெரும்பாலும் பால்நிறத் திரவம் இருக்கும்; கொழுப்பு உறிஞ்சப்படுவது அங்கேதான் அதிகம். கீழ்ப்பகுதியைச் சேர்ந்ததென்றால் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் வரும்.

கட்டி உருவாகும் விதத்துக்கு வருவோம். கருவில் நிணநாளங்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் ஃபுளோரன்ஸ் சேபின் தேடினார். பன்றிக் கருக்களுக்குள் சாயம் செலுத்திப் பார்த்து, அவை சிரைகளிலிருந்து மொட்டுவிட்டு வெளியே பரவுகின்றன என்று 1902இல் எழுதினார். பலர் மறுத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து வந்த மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்ந்தன. மொட்டுவிட்டுப் பரவும் அந்த வலையில் ஒரு துண்டு மட்டும் பிரதானக் குழாயோடு இணையாமல் போனால் என்ன ஆகும்? அதற்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். வடிய வாய்க்கால் இருக்காது. குழந்தை பிறக்கும்போதே கட்டியும் கூடப் பிறந்துவிடுகிறது. கண்ணில் படுவதற்குத்தான் மாதங்களோ ஆண்டுகளோ ஆகின்றன. இன்று கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சில கட்டிகள் தெரிந்துவிடுகின்றன.

இப்படிப்பட்ட நிணநாளக் கட்டிகள் பலவற்றில், செல் வளர்ச்சியை முடுக்கும் 'பிஐகே3சிஏ' என்ற மரபணுவில் ஒரு பிழை இருப்பதைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கண்டிருக்கிறார்கள். அந்தப் பிழை தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்ததல்ல. கரு உருவான பிறகு, வளரும் செல்களில் ஏதோ ஒன்றில் தற்செயலாக நேர்ந்தது. அந்தச் செல்லின் வாரிசுகளில் மட்டும் இருப்பது. இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டி என்றதும் "மாசமா இருக்கும்போது என்னத்தைச் சாப்பிட்டே?" என்று தாயைத்தான் கேட்பார்கள்.

இந்தக் கட்டியைப் பற்றிய முதல் பதிவு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தது. அந்தோனியோ பெனிவியேனி என்ற மருத்துவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உடலை அறுத்துப் பார்த்து எழுதி வைத்தார்; அவர் இறந்தபின் 1507இல் அது நூலாக வந்தது. நோய் என்னவென்று உயிரோடிருக்கும்போது தெரியாமல், பிணத்தை அறுத்துத் தெரிந்துகொண்ட காலம் அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1880இல் பாரிஸில் பால் தில்லோ முதன்முறையாக இத்தகைய கட்டியை வெற்றிகரமாக வெட்டியெடுத்தார்.

தில்லோவின் பெயர் நிலைத்ததற்கு அந்த அறுவை மட்டும் காரணமில்லை. கையால் நோயறியும் ஒரு நுட்பமும் அவர் பெயரில் இருக்கிறது. மெசென்டரியின் வேர் சாய்வாக ஒட்டியிருக்கிறது என்று பார்த்தோமில்லையா? அதனால் அதன் மடிப்புக்குள் இருக்கும் கட்டியை வலப்புறம் மேலும் இடப்புறம் கீழுமாகத் தாராளமாக நகர்த்தலாம். வேர் ஓடும் திசையில், அதாவது இடமேலிருந்து வலக்கீழாக, தள்ளினால் அசையாது. கட்டி எதில் தொங்குகிறது என்பதை விரல்களே சொல்லிவிடுகின்றன. அழுது வயிற்றை இறுக்கிக்கொள்ளும் மூன்று வயதுக் குழந்தையிடம் இதைச் செய்து பார்ப்பது வேறு விஷயம். அது தூங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடும் மருத்துவர்கள் உண்டு.

மெசென்டரிக்கு ஒரு பங்காளி இருக்கிறது. குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புச் சவ்வு, ஒமென்டம். அதிலும் இதே வகைக் கட்டி வரும்; அது வயிறு முழுக்கப் படர்ந்து நிறைந்துவிட்டால் கட்டி என்றே தோன்றாது, வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதாகத்தான் தோன்றும். நம் நாட்டில் வயிற்றில் நீர் என்றதும் நினைவுக்கு வரும் காரணங்களில் காசநோய் முன்வரிசையில் இருக்கிறது. காசநோய் மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியும் வயிறு வடியாத குழந்தைகள் கடைசியில் அறுவை மருத்துவரிடம் வந்து சேர்வதுண்டு. விரலால் தட்டிப் பார்த்தாலே ஓரளவு பிரித்தறியலாம். நீர் கோத்த வயிற்றில், மல்லாந்து படுத்தால் காற்று நிறைந்த குடல் மேலே மிதக்கும். நடுவயிறு கணகணவென்று ஒலிக்கும், விலாப்புறம் மந்தமாக இருக்கும். பெரிய கட்டியென்றால் தலைகீழ்: குடல் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கும், நடுவயிறு மந்தமாகும்.

அதற்குமேல் ஐயமிருந்தால் ஸ்கேன். அல்ட்ராசவுண்ட் என்றால் நமக்குக் கர்ப்பிணிகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் வயிற்றுக்குள் அதைச் செலுத்தியவர்கள் தொடக்கத்தில் கேட்ட கேள்வியே, 'கட்டிக்குள் இருப்பது நீரா, சதையா?' என்பதுதான். 1955இல் கிளாஸ்கோ நகரின் பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் ஆலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவி அங்கே இருந்தது. நீர்க்கட்டி ஒருவிதமாகவும் சதைக்கட்டி வேறுவிதமாகவும் எதிரொலித்தன. 1958இல் 'லான்செட்' இதழில் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. இரைப்பைப் புற்று முற்றிவிட்டதாகக் கைவிடப்பட்டவர்; கருவியை வைத்துப் பார்த்தால் உள்ளே மாபெரும் நீர்க்கட்டி. சூலகத்திலிருந்த அந்தக் கட்டியை எடுத்ததும் பிழைத்துக்கொண்டார்.

இன்றைய திரையில் மெசென்டரி கட்டி கருமையான குளமாகத் தெரியும், குறுக்கே மெல்லிய தடுப்புகள் ஓடும். அந்தத் தடுப்புகள் முக்கியமான சாட்சி. வெறுமனே கோத்த நீரில் அவை இருப்பதில்லை. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் கட்டி ரத்தக்குழாய்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும்.

கருமையான குளமெல்லாம் ஒரே குளமல்ல என்பதுதான் இங்கே சிக்கல். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் நேரெதிர். பிறந்த பெண்குழந்தையின் அடிவயிற்றில் தெரிவது சூலகக் கட்டியாக இருக்கலாம். தாயின் ஹார்மோன் தூண்டுதலால் வந்தது, பெரும்பாலும் சில மாதங்களில் தானே சுருங்கிவிடும், கத்தியே வேண்டாம். கல்லீரலுக்கு அடியில் தெரிந்து, மஞ்சள் காமாலையும் வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டால் அது வீங்கிப்போன பித்தநாளம்; கிழக்காசியக் குழந்தைகளிடமும் பெண்குழந்தைகளிடமும் அதிகம் காணப்படுவது. அதை வடித்துவிட்டுச் சும்மா இருந்தால் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடமுண்டு; நாளத்தையே அகற்றிக் குடலோடு புதுப்பாதை போட வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி, சில வாரம் கழித்து இரைப்பைக்குப் பின்னால் ஒரு நீர்ப்பை தெரிந்தால் அது அடிபட்ட கணையத்தின் கசிவு. நாயிடமிருந்து தொற்றும் நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வளரும் கட்டியும் உண்டு. அதில் யோசிக்காமல் ஊசி போட்டால் உள்ளிருக்கும் திரவம் கசிந்து உயிரைப் பறிக்கும் ஒவ்வாமை வரலாம். இவற்றுள் மெசென்டரி கட்டியோடு அதிகம் குழம்புவது இரட்டைக்குடல் கட்டி: குடல் உருவாகும்போதே பக்கத்தில் உபரியாக உருவான குட்டிக் குடல். அதன் சுவரை ஸ்கேனில் உற்றுப் பார்த்தால் உள்ளே வெண்கோடும் வெளியே கருங்கோடுமாக, குடலுக்கே உரிய அடுக்கு தெரியும். மெசென்டரி கட்டியின் சுவருக்கு அப்படி அடுக்கில்லை, மெல்லிய ஒற்றைத்தோல்தான். ஸ்கேன் எடுப்பவர் அனுபவசாலி என்றால் அந்த இரண்டு கோடுகளைத் தேடி நிமிடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிடுவார்.

வலியில்லாத கட்டியை அப்படியே விட்டுவைத்தால் என்ன என்று பெற்றோர் கேட்பது நியாயம். கட்டிக்குள் ரத்தம் கசியலாம்: விளையாடும்போது விழுந்த குழந்தைக்கு ஒரே இரவில் வயிறு பெருத்து முகம் வெளுத்துப்போகும். சீழ் பிடிக்கலாம். இவற்றைவிட அஞ்ச வேண்டியது முறுக்கு. நீர் நிறைந்த கனத்தை ஒரு பக்கம் சுமக்கும் குடல், குறுகிய வேரை அச்சாகக் கொண்டு சுழன்றுவிட்டால் ரத்தக்குழாய்களும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் குடல் கறுத்துச் செத்துப்போகத் தொடங்கும். குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அதற்குக் கட்டியே காரணமாக இல்லாவிட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் திரும்பத்திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்த முறுக்குதான். கட்டி இருப்பதே தெரியாமல், குடல்வால் அழற்சி என்று நினைத்து வயிற்றைத் திறந்தபிறகு நிஜத்தைக் காண்பதும் நடக்கிறது.

நீரை ஊசியால் உறிஞ்சிவிட்டால் போதாதா? போதாது. சுவர் இருக்கும்வரை நீர் மறுபடி ஊறும். ஆகவே கட்டியைத் தோலோடு எடுப்பதே முறை. அதிர்ஷ்டம் இருந்தால் சவ்வின் இரண்டு தாள்களுக்கு நடுவிலிருந்து கட்டி முழுசாக உரிந்து வந்துவிடும். குடலுக்கு ஒரு கீறலும் இராது. பெரும்பாலும் அதிர்ஷ்டம் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. கட்டி பெருக்கப்பெருக்க, குடலுக்குப் போகும் தமனிகள் அதன் தோல்மேலேயே இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். கட்டியை உரித்தால் தமனி போகும், தமனி போனால் அந்தத் துண்டுக் குடல் பிழைக்காது. அப்போது கட்டியோடு அந்தக் குடல் துண்டையும் வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தைக்கிறார்கள். குழந்தைகளில் பாதிப்பேருக்கோ அதற்கு மேலோ இப்படிச் செய்ய வேண்டிவருகிறது. கேட்கப் பயங்கரமாக இருக்கும்; ஆனால் சிறுகுடலில் ஒரு சிறு பகுதி போனால் மிச்சக் குடல் அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது, குழந்தை வழக்கம்போல் வளர்கிறது.

கட்டி வேரிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே ஓடுவது சிறுகுடல் முழுவதற்கும் தாய்க்குழாயான தமனி. அதைத் தொட்டால் குடலே போய்விடும். அத்தகைய கட்டியை முழுதாக எடுக்க முயல்வதில்லை. எட்டும் அளவுக்குக் கூரையை வெட்டி, வயிற்றறைக்குள் திறந்துவிட்டு, மிச்சமிருக்கும் உள்தோலை மின்சூட்டாலோ மருந்தாலோ பொசுக்கிவிடுகிறார்கள். திரும்ப வர வாய்ப்புண்டு என்று தெரிந்தே செய்வது. எங்கே நிறுத்த வேண்டும் என்ற அந்த முடிவில்தான், வெட்டியதைவிட விட்டுவைத்ததில்தான், தேர்ந்த கையை நான் காண்கிறேன்.

இப்போது பல மருத்துவமனைகளில் தொப்புள் வழியாகவே வேலை முடிகிறது. லேப்ராஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுக் கட்டியைக் கண்டு, நீரை உறிஞ்சிப் பையைச் சுருக்கி, அது ஒட்டியிருக்கும் குடல் வளையத்தைத் தொப்புள் துளைக்கு வெளியே கொண்டுவந்து, வெட்டித் தைத்து, திரும்ப உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். தழும்பு தொப்புளுக்குள்ளேயே மறைந்துவிடும். எடுத்த பை நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் போகும். மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் தாயிடம் கேட்கும் முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சுதா?" குடல் விழித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சேதி இல்லை.

கத்தி எட்டாத கட்டிகளுக்கு வேறு வழிகளும் வந்திருக்கின்றன. தொற்று வந்து தணிந்த நிணநாளக் கட்டிகள் சில தாமே சுருங்குவது பழைய அனுபவம். அந்த அழற்சியை மருந்தால் உண்டாக்கினால் என்ன என்று ஜப்பானிய மருத்துவர்கள் யோசித்தார்கள். தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த ஓகே-432 என்ற மருந்தைக் குழந்தைகளின் கழுத்துக் கட்டிகளுக்குள் செலுத்தி, 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கட்டியின் சுவர்கள் அழன்று ஒட்டிக்கொண்டன. இதே நோக்கத்துக்காக பிளியோமைசின் போன்ற மருந்துகளும் பயன்படுகின்றன.

மற்றொரு மருந்து பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது. 1964இல் புறப்பட்ட கனடியக் குழு ஒன்று அங்கிருந்து மண் மாதிரிகள் கொண்டுவந்தது. மான்ட்ரியால் நகரின் அயர்ஸ்ட் நிறுவன ஆய்வகத்தில் அந்த மண்ணிலிருந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து ராபமைசினைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சுரேன் சேகல். இன்று பாகிஸ்தானிலுள்ள குஷாபில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் பத்திரப்படுத்திக் கூடவே அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். 1999இல் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அங்கீகாரம் பெற்றது. சிரோலிமஸ் என்ற பெயரில் விற்கிறது. பிஐகே3சிஏ பிழையால் கட்டவிழும் வளர்ச்சிச் சங்கிலியில் ஒரு கண்ணியை அது முடக்குகிறது. அதனால் பரந்து விரிந்த நிணநாளக் கட்டிகளைக் கொண்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்குக் கட்டி சுருங்கியது.

அதனால் அறுவைக்கு வேலையில்லாமல் போய்விடவில்லை. சிரோலிமஸை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், ரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்தென்பதால் சிறு காய்ச்சலையும் கவனிக்க வேண்டும். அந்த மாதங்களில் கட்டி முறுக்கிக்கொள்ளாது என்று யாரும் உறுதி தர முடியாது. எனவே எடுக்க முடிகிற கட்டியை எடுத்துவிடுவதும், வேரில் உட்கார்ந்ததையும் அறுவைக்குப் பின் திரும்ப வந்ததையும் மருந்திடம் ஒப்படைப்பதும்தான் இன்றைய நடைமுறை. மருந்தோடு வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார்கள். பச்சை வாந்தி எடுத்தால் அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே வரச் சொல்கிறார்கள்.